துவைக்காத துண்டு

என் தங்கையின் பெயர் அவள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பளிச்சக்கா கடை எங்கே என்று கேட்டால்தான் கைகாட்டுவார்கள். ரொட்டிக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கும் சலவைக் கடை அவளுடையது. முன்னால் கடை, அடுத்து மெஷின்கள் ஓடும் அறை, அதற்குப் பின்னால் வீடு, கடைசியில் துணி காயப்போடும் முற்றம்.

சுத்தம் அவளுக்குச் சின்ன வயதிலேயே பிடித்த பைத்தியம். பள்ளிக்கூடப் பையை வாராவாரம் துவைப்பாள். ஒருமுறை உள்ளே இருந்த பூகோளப் புத்தகத்தையும் சேர்த்துத் துவைத்துவிட்டாள். அப்பா படுத்த படுக்கையானதும் நாங்கள் இருவரும் படிப்பை நிறுத்திவிட்டோம். நான் தச்சுப் பட்டறைக்குப் போனேன், அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனாள். ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான் வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றாள். மற்றவர்கள் இது தேறாது என்று ஒதுக்கிய விரிப்புகளைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வாளாம். அப்படி ஒதுக்கப்பட்டதில் ஒன்றுகூட அவள் கையில் தேறாமல் போனதில்லை என்று அவளோடு வேலை பார்த்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் என்பதற்காக நான் ஏற்றிச் சொல்லவில்லை.

சொந்தக் கடை வைத்தபோது கவுன்ட்டரும் அலமாரிகளும் நான் செய்து கொடுத்தேன். கடை வைத்த கொஞ்ச நாளில் பஸ் டிரைவர் ஒருவர் அடிக்கடி சட்டை கொண்டுவந்து போட ஆரம்பித்தார்.

"துவைச்சுக் குடுத்த சட்டையையே திரும்பக் கொண்டாறாரு அண்ணே. சுத்தமாத்தான் இருக்குன்னு சொன்னா, இல்லைங்க, இன்னொரு தடவை போடுங்கங்கிறாரு" என்று என்னிடம் புகார் சொன்னாள்.

"அவருக்குச் சட்டை வெளுக்க வேண்டியது இல்ல பாப்பா. வேற என்னமோ வேணும்" என்றேன்.

அந்த டிரைவர்தான் இன்று எங்கள் வீட்டு மாப்பிள்ளை. கல்யாணமாகி வந்தபோது அவருடைய சாமானாக ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனையும் வந்தன. தனிக்கட்டையாக இருந்த காலத்தில் அவர் எடுத்து வளர்த்த பூனை. கவுன்ட்டர் மேல் உட்கார்ந்து, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும். வாடிக்கையாளர்களே அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை டியூட்டி முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் "முதலாளி சாப்பிட்டானா?" என்றுதான் கேட்பார். பொண்டாட்டி சாப்பிட்டாளா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் காலையில் முற்றத்துக் கூரையின் கீழ் வைத்திருந்த அழுக்குக் கூடையில் ஒரு பெண் பூனை படுத்திருந்தது. வெள்ளைப் பூனை, முதுகில் மட்டும் அகலமான கறுப்பு. ஒரு காது கிழிந்திருந்தது. பின்னங்காலில் நாய் கடித்த காயம். என் தங்கை அதைத் தூக்கிக்கொண்டு போய், காயத்தில் தண்ணீர் படாமல் மற்ற இடத்தையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினாள். முதுகை மட்டும் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்து பார்த்திருக்கிறார்.

"என்ன பண்றே?"

"இன்ஜின் ஆயில் போல இருக்குங்க. போக மாட்டேங்குது."

"அது ஆயில் இல்ல. அதோட நிறமே அதுதான். தோலை உரிச்சிடாதே, விடு."

பூனைக்குக் கறை என்ற பெயர் அப்படி வந்தது. இருபது வருஷச் சர்வீஸில் அவளிடம் தோற்காத ஒரே கறை இதுதான் என்று நான் இன்றைக்கும் கேலி செய்வேன்.

மிருக ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு போனார்கள். தையல் போடும்போது பிடித்துக்கொண்டதே மாப்பிள்ளைதான், அவர் கையில்தான் நகக் கீறல் விழுந்தது. இன்னொரு தடவை நாய் வாயில் மாட்டினால் அந்தக் கால் போய்விடும், உயிரே போனாலும் போகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று என் தங்கை கேட்டதும் மாப்பிள்ளை உடனே மறுக்கவில்லை.

"வச்சுக்க. மழை விடுற வரைக்கும் பார்ப்போம். ஆனா முதலாளிக்கு ஒத்து வரணும். அது அவன் வீடு. அவன் சாப்பிடாம கொள்ளாம மூலையில போய் உக்காந்தான்னா என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. அப்புறம் இது வெளியதான்."

"சரி" என்றாள். அவள் சரி என்று சொன்னால் சரிதான். பேச்சு மாறமாட்டாள்.

இரண்டு பூனைகளை எப்படிப் பழக்குவது என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கியிருந்தார். முதலில் நேருக்கு நேர் காட்டக் கூடாது. புதுப் பூனை தனி அறையில் இருக்கட்டும். அது படுக்கும் துண்டை இதனிடம் போடுங்கள், இது படுப்பதை அதனிடம் போடுங்கள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாப்பாடு வையுங்கள். அப்புறம் கம்பி வழியாகப் பார்க்க விடுங்கள். அவசரப்படாதீர்கள்.

சோப்புத்தூள் மூட்டைகள் வைக்கும் அறையைக் கறைக்கு ஒதுக்கினாள். அதன் மரக்கதவுக்கு உட்புறம் நான் ஒரு கம்பிவலைக் கதவு அடித்துக் கொடுத்தேன். நகம் மாட்டாத அளவுக்கு நெருக்கமான வலை. சட்டத்தின் விளிம்பையெல்லாம் இழைத்து உருட்டிவிட்டேன். டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் என் தங்கை செய்தாள். தினமும் மாலையில் துண்டு மாற்றுவாள். தினமும் கதவின் இரு பக்கமும் கிண்ணம் வைப்பாள். போதாததற்கு, விருந்தாளி வந்திருக்கிறாளே என்று முதலாளியின் மெத்தையைப் பிரித்து உறையைத் துவைத்தாள். தரையை இரண்டு வேளையும் பினாயில் போட்டுத் துடைத்தாள்.

முதலாளிக்கு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. கறையின் துண்டைப் போட்டால் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, சம்பந்தமில்லாத பொருள் மாதிரி தாண்டிப் போய்விடும். மரக்கதவைத் திறந்து கம்பி வழியாகக் காட்டிய அன்றைக்கோ, யாரோ எவரோ கொள்ளையடிக்க வந்துவிட்டது போல வாலைப் புஸ்ஸென்று ஊதிக்கொண்டு ஊளையிட்டது. ரொட்டிக் கடையிலிருந்து ஆள் ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். தன் மெத்தைக்குப் போவதையும் நிறுத்திவிட்டது. ஒருநாள் துவைத்து மடித்து வைத்திருந்த லாட்ஜ் விரிப்புகளின் மேல் ஏறி நின்று மூத்திரம் பெய்தது. இத்தனை வருஷத்தில் அது செய்யாத காரியம். என் தங்கை அத்தனையையும் மறுபடி துவைத்தாள்.

கடைசியில் முதலாளி சாப்பாட்டையும் நிறுத்தியது. நான் போனபோது மாப்பிள்ளை யூனிபாரத்தோடு தரையில் உட்கார்ந்து, மீனை விரலில் எடுத்து அலமாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தார். அடியிலிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"நீங்களே சொல்லுங்க மச்சான். நான் என்ன கல் மனசுக்காரனா? இவன் எலும்பு தெரியுது. மழையும் விட்டாச்சு."

என் தங்கை மெஷின் அறை வாசலில் நின்றாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் குடுங்க. அதுக்கப்புறம் நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்" என்றாள். ஊரில் வேண்டாத பூனைகளைக் கொண்டுபோய் விடும் இடம் மீன் சந்தைதான். அதற்குப் பின்னால் இருக்கும் நாய்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு மறுநாள் கம்பிக் கதவின் தாழ் இறுகிவிட்டதென்று சரிசெய்யப் போயிருந்தேன். கடையில் இஸ்திரி போடும் பெரியவர் இரண்டு வெள்ளைக் கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். ஒன்று மருந்துக் கடைக்காரருடையது, இன்னொன்று ஓட்டல் சமையல்காரருடையது. இரண்டும் ஒரே அளவு, ஒரே துணி. யாருடையது என்று தெரிய முடிந்து வைக்கும் குறித் துண்டு இரண்டிலும் தண்ணீரில் கழன்று போயிருந்தது.

"எது யாரோடதுன்னு பாரும்மா" என்றார்.

என் தங்கை ஒன்றை வாங்கி மூக்கில் வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள்.

"ரெண்டும் சோப்பு வாசம்தான் அடிக்குது. துவைக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லியிருப்பேன். ஒண்ணு மருந்து நெடி, ஒண்ணு வெங்காயம். துவைச்சப்புறம் யாரால சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கோட்டு கையிலேயே இருந்தது.

"அண்ணே" என்றாள்.

"என்ன பாப்பா?"

"துண்டு மாத்தினேனே, தினமும்."

"ஆமா."

"துவைச்சுத்தான் குடுத்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒருவர் படுத்த அழுக்குத் துண்டை இன்னொருவருக்கு அப்படியே கொடுப்பாளா அவள்? கறையின் முடியை உதறி, சோப்பில் ஊறவைத்து, அலசி, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துக் கொண்டுபோய் முதலாளிக்கு வைத்திருக்கிறாள். முதலாளியுடையதையும் அதே மாதிரி. டாக்டரம்மா துண்டை மாற்று என்றார். துவைக்காதே என்று சொல்லவில்லை. துண்டைத் துவைத்துக் கொடுக்கிற ஆள் ஒருத்தி இருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

"அதுங்களுக்குக் குறியே வாசம்தான் அண்ணே. நான் ரெண்டு பேரோட குறியையும் அவுத்துட்டு, யாருன்னு கண்டுபிடின்னு சொல்லியிருக்கேன். அவனோட மெத்தையில அவன் வாசத்தையே எடுத்துட்டேன். பாவம், சொந்த வீட்டுலயே வாடகைக்கு வந்தவன் மாதிரி ஆயிட்டான்."

இஸ்திரிப் பெரியவர் இரண்டு கோட்டையும் தூக்கிக் காட்டினார். "அதெல்லாம் சரிம்மா. இதுல எது சமையல்காரரு?"

"ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. போட்டுப் பார்க்கட்டும். தொப்பை சொல்லிடும்."

அன்று மாலை கறை படுத்த துண்டை அவள் கையில் எடுத்தாள். காயத்து மருந்தும், ஈரமும், முடியுமாக அது ஒரு நாற்றம் நாறியது. அவள் கால்கள் தன்னால் தொட்டிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தன. நின்றாள். திரும்பினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே அதை அலமாரிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, கையைக் கழுவப் போனாள். பினாயில் புட்டியை எட்டாத பரணில் ஏற்றி வைக்கச் சொன்னாள். "கையில இருந்தா துடைச்சிடுவேன்" என்றாள்.

முதலாளி வெகு நேரம் கழித்து வெளியே வந்தது. துண்டை முகர்ந்தது. வாயைக் கொஞ்சம் திறந்து, ஏதோ யோசிப்பது போல மறுபடி முகர்ந்தது. சீறியது. ஓங்கி ஒரு அறை விட்டது. போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு அறை விட்டது. மாப்பிள்ளை கவலையோடு பார்த்தார்.

"இது நல்லதா கெட்டதா?"

"திட்டவாவது செய்யுதே. இத்தனை நாளா ஆளே இல்லாத மாதிரில்ல போச்சு" என்றாள் என் தங்கை.

அன்று ராத்திரி முதலாளி கொஞ்சம் மீன் தின்றதாம். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எப்போது எடுப்பாரோ என்று என் தங்கை அன்று முழுக்க எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாட்களில் அந்தத் துண்டு கடைவரைக்கும் வந்துவிட்டது. முதலாளி அதை இழுத்துக்கொண்டு வந்து கவுன்ட்டருக்கு அடியில் போட்டு, அதன் ஓரத்தில் தலை வைத்துப் படுக்க ஆரம்பித்தது. துவைக்கப் போட்ட புடவையை வாங்க வந்த பள்ளிக்கூட டீச்சர் மூக்கைப் பொத்தினார்.

"என்ன பளிச்சக்கா, உங்க கடையிலயே இப்படி ஒரு துணியா? மறந்துட்டீங்களா?"

என் தங்கைக்குக் காது மடல் சிவந்துவிட்டது. வேறு சமயத்தில் யாராவது அவள் கடையில் நாற்றம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஷட்டரை இறக்கியிருப்பாள்.

"மறக்கலைங்க. அது துவைக்கிறதுக்கு இல்ல" என்றாள்.

கம்பிக் கதவு வழியாக மறுபடி காட்டியபோது முதலாளி ஊளையிடவில்லை. உறுமியது, அவ்வளவுதான். பிறகு உறுமலும் குறைந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் கறை தின்பதை இந்தப் பக்கம் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் நிலைமைக்கு வந்தது. நடுவில் ஒருநாள் கறை கம்பியில் மூக்கை வைக்க, முதலாளி அறைந்து ரத்தம் வந்துவிட்டது. நாங்கள் பழையபடி மரக்கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நாள் பின்னுக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்தோம். அவளுக்குப் பொறுமைக்குக் குறைச்சல் இல்லை. ஒரே கறையை நாலு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறவள்.

கதவைத் திறந்து விட்டது கடை மூடிய ஒரு விடுமுறை நாள் மத்தியானம். சண்டை வந்தால் நடுவில் நுழைக்க ஒரு பலகையோடு நான் ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை இரண்டு கிண்ணங்களையும் எட்ட எட்ட வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கறை நொண்டிக்கொண்டே வெளியே வந்தது. முதலாளி ஜன்னல் திண்டிலிருந்து இறங்கி நேரே அதனிடம் போனது. ஒரு சீறல். கறை எதிர்க்கவுமில்லை, ஓடவுமில்லை. தரையோடு பதுங்கி, வேறு எங்கோ பார்த்தது. முதலாளி அதன் முதுகை, அந்தக் கறுப்பை, காதை, தையல் போட்ட காலை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு தன் கிண்ணத்துக்குப் போய், கறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்ன ஆரம்பித்தது.

"பாரு, வந்தவளை மதிக்காம முதுகைக் காட்டுறான்" என்றார் மாப்பிள்ளை, ரகசியம் சொல்வது போல.

"சும்மா இருங்க. பயம் இருந்தா அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் தின்பானா?"

கறையும் தன் கிண்ணத்துக்கு வந்தது. நான் பலகையைக் கீழே வைத்தேன். மாப்பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு டிப்போலேருந்து வரும்போது மீன் கொஞ்சம் கூடவே வாங்கிட்டு வரேன்" என்றார்.

என் தங்கை அவரைப் பார்த்தாள். "யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான். ஆனா முதலாளிக்கு முள்ளு எடுக்கிறது நான். கறைக்கு நீ எடு."

"ரெண்டு பேருக்கும் நீங்களே எடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் முற்றத்துக்குப் போனாள். "எனக்குக் கொடி நிறையத் துணி கிடக்கு."