குழாய்க்கு வாலில் ஓர் இடம்

பினாங்கில் முப்பதுகளின் கடைசியில் ஒரு கிளைடர் சங்கம் இருந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதே நல்லது. கிளைடர் என்பது இஞ்சின் இல்லாத விமானம். மோட்டார் காரின் பின்னால் நீளமான கம்பிக் கயிற்றைக் கட்டித் திடலில் இழுத்து ஓடினால் பட்டம் போல எழும்பும். மேலே போனதும் ஓட்டி கயிற்றைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவார். தலைவரும் செயலாளரும் துரைமார்கள். வார நாட்களில் ஜார்ஜ் டவுனில் அரசாங்கக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த நான், ஞாயிறுகளில் சங்கத்தின் சோதனைப் புத்தகத்துக்கும் கிராணி. ஓட்டப் பழகியவர்களில் தமிழர் ஒருவர்தான்: பள்ளி ஆசிரியர், என் தங்கையின் கணவர். அவர் உயிரோடு தரையிறங்க வேண்டும் என்பதைத் தவிர அந்தச் சங்கத்தில் எனக்கு வேறு அக்கறை இருந்ததில்லை.

அந்த உயிர் பென்சில் கனத்தில் இருந்த ஒரு பித்தளைக் குழாயை நம்பியிருந்தது. எதிர்க்காற்று அதன் வாய்க்குள் புகுந்து அழுத்தினால், ஓட்டியின் முன்னால் உள்ள முள் நகர்ந்து வேகத்தைக் காட்டும். வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. ஆகவே குழாய் கலங்காத காற்றில் நிற்க வேண்டும். கிளைடரின் மூக்கில் வைத்துப் பார்த்தார்கள். தரையிறங்கும்போது மண்ணைத் தின்றது. இறக்கை முனையில் வைத்தார்கள்; கொட்டகைத் தூணில் இடித்து வளைந்தது. மிச்சம் இருந்தது வால்.

வாலில் எங்கே? கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி வால் முழுக்கப் பசை தடவி ஒட்டினேன். கிளைடரைத் தரையோடு தரையாகப் பறக்கவிட்டு, நானும் சங்கத்தின் சாமான்களைப் பழுதுபார்க்கும் பிட்டரும் இன்னொரு காரில் பக்கத்திலேயே ஓடிப் பார்த்தோம். உடலும் வாலும் சேரும் மூலையில் நூல்கள் வலிப்பு வந்தது போலத் துடித்தன. இறக்கையும் ஓட்டியின் தலையும் கலக்கிவிட்ட காற்றெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. நிமிர்ந்து நிற்கும் வால் பலகையின் மேல் பாதியிலோ நூல்கள் கோடு போட்டது போலப் படுத்திருந்தன. குழாயை அங்கே, பலகையின் முன் விளிம்பிலிருந்து ஒரு முழம் முன்னே நீட்டி வைக்க வேண்டும் என்று படத்தோடு எழுதிக் கொடுத்தேன்.

சங்கத்தின் நிர்வாகக் குழு மூன்று முறை கூடியது. குழாய்க்கு ஒரு துணி உறை உண்டு. ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் அதைக் கையால் கழற்ற வேண்டும் என்பது விதி. மேலே வைத்தால் கை எட்டாது, ஏணி வேண்டும். அங்கீகரித்த சாமான் பட்டியலில் ஏணி இல்லை. பட்டியலைத் திருத்தப் பொதுக்கூட்டம் கூட வேண்டும். ஆகவே, இடுப்பு உயரத்தில், நூல்கள் துடித்த அதே மூலையில் குழாயை வைக்கத் தீர்மானித்தார்கள். தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். பிழையில்லாமல் செய்தேன்.

"மச்சான், நூல் ஆடுன எடத்துலயே கொண்டுபோய் வெச்சிருக்காங்களே! நீங்க எழுதுனத யாரும் படிக்கலையா?" என்றார் தங்கை கணவர்.

"படிச்சாங்க மாப்பிள்ளை. பக்கத்துக்கு நம்பர் போடலன்னு திருப்பி அனுப்புனாங்க."

"முள்ளு இப்பவே நடுங்குது."

"ரெண்டு பக்கமும் நடுங்குறதுக்கு நடுவுல இருக்கறது சரியான வேகமாம். செயலாளர் சொல்றாரு."

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பிட்டரும் அவருடைய ஆட்கள் இருவரும் சுத்தியல், திருப்புளி, காரின் சக்கரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கிளைடரைக் கழுவி அதற்கும் வைத்தார்கள். இடுப்பு உயரத்தில் பளபளவென்று ஒரு பித்தளைச் சாமான் நீட்டிக்கொண்டிருந்தால் நம்மவர் கை சும்மா இருக்குமா? பிட்டர் அதன் முனையில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். நான் பக்கத்தில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை சோதனைப் புத்தகத்தைத் திறந்தேன். குழாய் இருக்கிறதா? ஆம். உறுதியாக இருக்கிறதா? ஆட்டிப் பார்த்தேன், ஆம். உறை கழற்றியாயிற்றா? ஆம். முனையில் இருந்த பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. மீதியைக் கட்டை விரலால் துடைத்துவிட்டேன். வாய்க்குள் என்ன இருக்கிறது என்று புத்தகம் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் எழுதும் பழக்கம் எனக்கில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கார் இழுத்தது; அவர் எழும்பினார். பிறகு நடந்ததை அவரே சொன்னார். உயரம் ஏற ஏற முள்ளும் ஏறிக்கொண்டே போனது. வாய் அடைந்த குழாய்க்குள் கீழேயிருந்த காற்று சிறைப்பட்டிருந்தது. வெளியே அழுத்தம் குறையக் குறைய, அது வேகத்தைப் போல முள்ளைத் தள்ளியது. கார் மிக வேகமாக இழுக்கிறது என்று நினைத்து, மெதுவாக்கச் சொல்லும் சைகையாக வாலை இடமும் வலமும் ஆட்டினார். கார் மெதுவானது. முள் வேகம் வேகம் என்றது. காதில் காற்றின் சத்தமோ அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் காதை நம்பி, கயிற்றை விட்டு மூக்கைக் கீழே அழுத்தினார். இழந்த வேகத்தை மீட்கத் தேவையான நேரத்தில் பாதிதான் மிஞ்சியது. திடலை ஒட்டிய வயலில் ஒரு பக்கமாக மோதி இறக்கை முறிந்தது. அவருடைய வலது காலும் முறிந்தது. வால் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வானத்தைப் பார்த்து நின்றது.

சேற்றைத் துடைக்கும்போது பிட்டர் மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். சுண்ணாம்புக்கட்டி போலக் காய்ந்த சந்தனம் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதை என் பக்கம் நீட்டினார்.

"கிராணி ஐயா, இத எழுதுவீங்களா?"

நான் எழுதவில்லை. எழுதினால் அவருக்கு வேலை போகும், எனக்குப் பேர் போகும். விசாரணையில் சோதனைப் புத்தகத்தை நீட்டினேன். எல்லாக் கட்டங்களிலும் குறி இருந்தது. இவ்வளவு ஒழுங்கான புத்தகத்தைப் பார்த்ததில்லை என்று தலைவர் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். தவறான சைகை கொடுத்த குற்றம் ஓட்டியின் தலையில் விழுந்தது. விபத்தில் குழாய் சேதமாகாததால் அதன் இடம் மிகச் சரியானது என்றும் தீர்மானம் போட்டார்கள். அதையும் நானே தட்டச்சு செய்தேன்.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமிதான் காப்பாத்துச்சுன்னு உங்க தங்கச்சி தேங்கா ஒடைக்கப் போயிருக்கா, மச்சான். அதையும் அந்தக் கொழாயிலேயே ஒடைச்சிருக்கலாம் லா."

கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி நகர்த்திக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"நான் திரும்பவும் ஏறுவேன். ஆனா கொழா எங்க இருக்குன்னு ஏறுறதுக்கு முந்தி அண்ணாந்து பாப்பேன். குனிஞ்சு பாக்கற மாதிரி இருந்தா வீட்டுக்குப் போயிருவேன்."

கிளைடரைச் சீர்செய்தபோது நானும் பிட்டரும் குழாயை வால் பலகையின் மேல் பாதியில், முன்னே ஒரு முழம் நீட்டிப் பொருத்தினோம். புத்தகத்தில் 'அங்கீகரித்த இடத்தில்' என்று எழுதினேன். நான் அறிந்து எழுதிய முதல் பொய் அது. உறையை நீளக் கழியால் கழற்றினோம். செயலாளர் வாரம் தவறாமல் கிளைடரைச் சுற்றி வந்தார். ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. முள் நடுங்குவது நின்றதற்குக் காரணம் புது இறக்கை என்று குறிப்பு எழுதினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஏணி வந்தது. மூன்று கூட்டங்களாலும் வாங்க முடியாத ஏணியைப் பிட்டர் பக்கத்து வீட்டிலிருந்து ஐந்து நிமிஷத்தில் தூக்கிக்கொண்டு வந்தார், பொட்டு வைப்பதற்காக. சந்தனக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே ஏறினேன். குழாயை விட்டு ஒரு சாண் தள்ளி, வால் பலகையின் மரத்தில் பொட்டு வைத்தேன். ஞாயிறு காலை மறுபடியும் ஏணியில் ஏறிக் குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தேன். பிறகு சோதனைப் புத்தகத்தில் அச்சிடாத ஒரு வரியை ஓரத்தில் கையால் எழுதினேன்: 'வாய் திறந்திருக்கிறது.'

தங்கை கணவர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அந்த வரியைப் படித்தார். படித்துவிட்டு என்னிடமிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு, அந்தக் காலோடு அவரே ஏணியில் ஏறினார்.