பிளாப்பிக்கு வைத்த பொட்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் சேலை டிசைன் போடும் புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் போன மாதம் நின்றுபோனது. புதுசு வாங்கினோம். "பழைய விண்டோஸுக்குப் புதுசுக்குள்ளயே தனி ரூம் போட்டுட்டேனுங்க, உங்க புரோகிராம் அதுல ஓடும்" என்றார் அஸ்தம்பட்டி சர்வீஸ்காரர். பழைய விண்டோஸ் திறக்கும்போது வரும் இசையைக் கேட்டதும் எனக்குச் சந்தன வாசம் அடித்தது.

பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் எனக்குப் பத்து வயது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போவோம். டிசைன் போட்டது அக்கா. ஆயுத பூஜையன்று, "எல்லாத்துக்கும் பொட்டு வெய்யி சாமி" என்றார் அப்பா. நான், அக்கா டிசைனைச் சேமித்து வைத்திருந்த பிளாப்பியின் தகர மூடியை நகர்த்தி, உள்ளே தெரிந்த கறுப்புத் தகட்டிலும் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் அது திறக்கவில்லை. அக்கா ஒரு மாதமாகப் போட்ட முகூர்த்தச் சேலை டிசைன் போய்விட்டது.

"பொட்டப்புள்ள கையில மிசினக் குடுத்தா இப்படித்தான்" என்று அப்பா அவளை நூல் சுற்ற அனுப்பினார். நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் அக்கா கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

நேற்று அக்காவை வரச்சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி, "அன்னிக்குப் பிளாப்பியக் கெடுத்தது நாந்தானுங்கக்கா" என்றேன்.

"தெரியும் சாமி. உள்ளாற குங்குமம் இருந்துச்சே. உனக்கு அடி உழுகும்னுதான் சொல்லல. தள்ளி உக்காரு, அந்தச் சேலைய மறுக்காப் போடறேன்."

புரட்டாசி 22, புதன்கிழமை.