வடக்குக் கண்ணாடி

எஞ்சினியர் சார். மாடல் வரையும் சுனில். கொத்தனார் மரியதாஸ். வீடு கட்டப்போகும் மஸ்கட்டுக்காரர். அவர் பெண்டாட்டி பகவதி அக்கா. நான். அன்றைக்கு அந்த ஏசி அறையில் ஆறு பேர் இருந்தோம். நாலு பேர் சிரித்தார்கள்.

இன்று காலை பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடைக்காரர் என் பழைய கம்ப்யூட்டரை எடுக்க வந்தார். ஓடுமா என்று கேட்டார். மாட்டிக் காட்டினேன். விசிறி இரைந்தது. கொஞ்ச நேரத்தில் சூடான தூசி மணம் வந்தது, பழைய இஸ்திரிப்பெட்டியைப் போட்டது மாதிரி. அந்த மணம் வந்தால் அந்த ஆறு பேரும் வந்துவிடுவார்கள். வரிசை மாறாது.

அது நாகர்கோவிலில் எஞ்சினியர் சார் ஆபீஸில் நான் உட்கார்ந்த கம்ப்யூட்டர்தான். ஆபீஸ் மூடியபோது கேட்டு எடுத்துக்கொண்டேன். எதற்குக் கேட்டேன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் வேலையைச் சொல்லவேண்டும்.

நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள். பிரிண்ட் எடுக்கவும் டீ வாங்கவும்தான் சேர்ந்தேன். பின்னால் நின்று பார்த்துப் பார்த்து வேலையைப் பிடித்துக்கொண்டேன். சுனில் ஒரு சாஃப்ட்வேரில் வீட்டை எழுப்புவான். சுவர், கூரை, படி எல்லாம் சாம்பல் நிறத்தில் நிற்கும், பூசாத வீடு மாதிரி. அதை நான் இன்னொரு சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோய், டைல்ஸ் ஒட்டி, மரத்துக்கு மர நிறம் கொடுத்து, புல் விரித்து, வெயில் அடிக்கவைத்து, போட்டோ எடுத்தது போல ஆக்கவேண்டும்.

கொண்டுபோவது என்றால் சும்மா இல்லை. வீடு கட்டும் முன்னே வீட்டைச் சுமந்து குடிபோவது மாதிரி. வழியில் ஏதாவது உடையும். கதவு காணாமல் போகும். படி அந்தரத்தில் தொங்கும். சில நாள் வீடே மல்லாந்து கிடக்கும். முதல் தடவை நான் கொண்டுபோனபோது வீட்டையே காணோம். தரை இருக்கிறது, வானம் இருக்கிறது, நான் வைத்த கார் இருக்கிறது. ஒரு முற்பகல் முழுக்கத் தேடினேன். அளவு மாறிப்போயிருந்தது. வீடு தீப்பெட்டி அளவில் கார் டயருக்கு அடியில் கிடந்தது. சுனில் ஒரு வாரம் என்னை “வீட்டத் தொலச்சவ” என்று கூப்பிட்டான். கூப்பிடட்டும். அதற்குப்பிறகு எதையும் சரிபார்க்காமல் தொடமாட்டேன். அளவு பார்ப்பேன். நிமிர்ந்து நிற்கிறதா பார்ப்பேன். வடக்கு எது பார்ப்பேன். ஊர் எது பார்ப்பேன்.

ஊர் என்பது வெயிலுக்கு. அந்த சாஃப்ட்வேர் திறந்தவுடன் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பட்டணத்து வெயிலைத்தான் அடிக்கும். நாம் மாற்றவேண்டும். ஒருவரும் மாற்றமாட்டார்கள். வெயில் எல்லா ஊரிலும் வெயில்தானே என்று நினைப்பு.

நான் வளர்ந்தது பூதப்பாண்டி பக்கம், வடக்குப் பார்த்த வீடு. வைகாசி பிறந்தால் அம்மை வடக்கு வாசலில் சாக்கு தொங்கவிடுவாள். தெற்கே சாய்ந்து கிடக்கும் சூரியன் சித்திரைக்குமேல் வடக்கே ஏறிவிடும். சாயங்காலம் வாசல் வழியே சரிந்து வந்து அரிசிப்பானையைச் சுடும். ஆவணி வந்தால் சாக்கை அவிழ்த்து மடித்து வைப்பாள். எனக்குத் தெரிந்த சூரியன் அது. படித்துத் தெரிந்தது இல்லை.

மஸ்கட்டுக்காரர் வீடும் அந்தப் பக்கம்தான். வயலில் மண்ணடித்துக் கட்டுகிற வீடு. ஹாலுக்கு வடக்கே பதினாறடி உயரம், பன்னிரண்டு அடி அகலம், முழுக்கக் கண்ணாடி. மேலே சன்சேடு கிடையாது. வைத்தால் அழகு போய்விடும் என்று எஞ்சினியர் சார் சொன்னார். வடக்கில் வெயில் வராது, வெளிச்சம் மட்டும்தான் வரும் என்றும் சொன்னார். நான் ஊரை நாகர்கோவில் என்று மாற்றி, வைகாசி சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு படம் எடுத்துவைத்திருந்தேன். கண்ணாடி வழியே வெயில் உள்ளே வந்து கிழக்குச் சுவர் முழுக்கப் பழுத்துக் கிடந்தது.

ஆறு பேரும் உட்கார்ந்தபிறகு அதைத் திரையில் காட்டினேன். சார் முகம் மாறியது.

“இது என்னட்டி வடக்கே வெயிலு?”

வரும் சார் என்றேன். வைகாசி, ஆனி, ஆடி வரும். மூணடி சன்சேடு வைத்தால் பாதி நிற்கும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

“பத்து தோத்த பிள்ள, சூரியன் எங்க நிக்கும்னு எனக்குப் படிச்சுத் தாறா. கேட்டியளா?”

சார் சிரித்தார். சுனில், சார் சிரித்ததால் சிரித்தான். மஸ்கட்டுக்காரர் ஏசிக்குள் உட்கார்ந்த சந்தோஷத்தில் சிரித்தார். கொத்தனார் மரியதாஸ்தான் அதிக நேரம் சிரித்தார். வெயிலிலேயே நிற்கிற மனுஷன். அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவரை நான் தனியாக எழுதிவைத்துக்கொண்டேன், மனசில்.

போகும்போது பகவதி அக்கா படியில் நின்றார். சிரிக்காத ஆள் அவர் ஒருத்தர்தான்.

“நெசமா பிள்ளே? வெயிலு வருமா?”

“சார்ட்ட கேளுங்க அக்கா.”

எனக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும். வந்தால் போகாது. அது இப்போதும் இருக்கிறது, அடுக்களையில் உப்பு இருப்பது மாதிரி.

சார் படத்தை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஊரைப் பழையபடி வெளிநாட்டுப் பட்டணத்துக்கே வைத்தேன். மாதம், நேரம் இரண்டையும் தொடவில்லை. ஹால் பால் மாதிரி குளிர்ந்து வந்தது. படத்துக்கு அடியில் ஒரு பட்டை உண்டு. தேதி, மணி, ஊர்ப்பெயர் மூன்றும் சின்ன எழுத்தில் அதில் விழும். அதை அணைத்துவைக்கப் பொத்தானும் உண்டு. எல்லாப் படத்துக்கும் அணைத்துவிடுவேன். அதற்கு மட்டும் அணைக்கவில்லை. பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். சார் அந்தப் பட்டைக்கு மேலேயே கையெழுத்துப் போட்டு சீல் குத்தினார். வாசிக்கவில்லை. நான் ஒன்றும் மறைக்கவில்லை.

வீடு முடிந்து பால்காய்ச்சு தை மாதம். போயிருந்தேன். வடக்குக் கண்ணாடி ஜில்லென்று இருந்தது. எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நம்ம பக்கத்தில் வழக்கம் தெரியுமே, அந்த 3டி படத்தை அழைப்பிதழிலும் போட்டு, பிறகு பிரேம் போட்டு ஹாலிலும் மாட்டுவார்கள். கிழக்குச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நான் வேறெங்கும் மாட்டச் சொல்லவில்லை. பாயசம் குடித்துவிட்டு வந்தேன். நல்ல பாயசம்.

வைகாசி வரைக்கும் காத்திருந்தேன். வீட்டுக்குப் போகிற பஸ் அந்த வழிதான். முதல் வைகாசியில் கண்ணாடிக்குக் கனத்த திரை விழுந்திருந்தது. இரண்டாம் வைகாசியில் வெளியே பச்சை வலை கட்டியிருந்தார்கள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. கிடைக்காமல் போனாலும் நின்று பார்த்திருப்பேன்.

மூன்றாம் வைகாசியில் மஸ்கட்டுக்காரர் லீவில் வந்து, பிரேமைக் கழற்றி ஆபீஸுக்கே கொண்டுவந்துவிட்டார். வெயில் பட்டுப் பட்டு படம் வெளுத்திருந்தது. வெளுக்காதது கீழே இருந்த பட்டை மட்டும்தான், பிரேம் சட்டம் மறைத்திருந்த இடம். சட்டத்தைப் பிரித்து ஊர்ப்பெயரில் விரல் வைத்தார்.

“சார், இது எந்த ஊரு?”

சார் வாசித்தார். அப்போதுதான் வாசித்தார். என்னைக் கூப்பிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொன்னேன் சார். எல்லாரும் சிரிச்சிய.”

சுனில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அணைந்திருந்தது.

அந்தக் கையெழுத்தும் சீலும் போட்ட படம் பிறகு ஊரெல்லாம் போனில் சுற்றியது. நான் அனுப்பவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் காட்டினேன். கேட்டவர்கள் நிறையப் பேர். வீடு கட்ட வருகிறவர்கள் முதலில், “எந்த ஊரு வெயிலு சார்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆபீஸ் இரண்டு வருஷம் தாங்கியது. மூடும்போது நான் கம்ப்யூட்டரைக் கேட்டது, வெயில் விழுந்த அந்த முதல் படம் அதில் இருந்ததால்தான்.

ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது கல்யாண மேக்கப் படித்துக்கொடுக்கிறார்கள். சுனில் கத்தாரில். சார் திருவனந்தபுரத்தில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. ஒரு படம் கம்ப்யூட்டரில் வந்து முடிய ஒரு பகல் காத்திருந்த காலமும் போய்விட்டது. இப்போது வீட்டிலேயே செய்கிறேன். டீ ஆறும் முன்னே வந்துவிடுகிறது. சூடான தூசி மணம் இல்லை. அந்த வீட்டுக்கு எதிரே இருந்த மிச்ச வயலும் இல்லை.

போன வைகாசியில் பகவதி அக்கா கூப்பிட்டார். மகளுக்குப் பக்கத்தில் வீடு கட்டவேண்டுமாம், வெயில் பார்த்துச் சொல்லவேண்டுமாம். போனேன். கண்ணாடி இல்லை. சிமெண்ட் கட்டை வைத்து முழுக்க அடைத்துவிட்டார்கள். அடைத்தது மரியதாஸ்தான். அன்றைக்கு அதிகம் சிரித்தவர் கை. பகல் பதினொரு மணிக்கு ஹாலில் லைட் போட்டிருந்தது. அந்த லைட்டுக்கு அடியில் அக்கா எனக்குப் பால் விடாத கட்டன்சாயா தந்தார்.

“அன்னைக்குப் படியில வச்சுக் கேட்டேம்லா. ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

அக்கா சாயாவுக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டார். நான் கேட்கவில்லை.

வெளியே வந்து முற்றத்தில் நின்றேன். கண்ணாடி இருந்த இடத்தை வெளிப்பக்கம் பூசாமல் விட்டிருந்தார்கள். கட்டை கட்டையாகத் தெரிந்தது. கீழிருந்து எண்ணினேன். அரைக்கட்டை இரண்டை ஒன்றாக வைத்தேன். தப்பாக இருக்குமோ என்று மேலிருந்தும் எண்ணினேன்.

இருநூற்றுப் பதினாறு.