கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குத் தட்டிய வேண்டுதல்

அத்தை மகனை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அரியலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அக்காவுக்கு அவர்தான் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால்கூட அவர்தான் வர வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பில் வைரஸ் புகுந்தபோதும் வேப்பந்தட்டைக்கு பைக்கில் வந்தார். அரை நாள் உட்கார்ந்து சரி செய்தார். இனிமேல் வைரஸ் அண்டாமல் காவலுக்கு ஒன்று போட்டிருக்கிறேன், யாரும் அதை நோண்டக் கூடாது என்றார். அம்மா கோழிக் குழம்பு வைத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. அக்கா பெரம்பலூர் கல்லூரியில் கடைசி வருஷம். மேலே படிக்க வேண்டுமென்று, வீட்டுக்குச் சொல்லாமல் கோயம்புத்தூருக்கு லேப்டாப்பிலேயே விண்ணப்பம் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாம் நாள் மாமா அப்பாவுக்கு போன் செய்து, "புள்ளைய கோயம்புத்தூர் அனுப்புறீங்களாமே?" என்று கேட்டுவிட்டார். அப்பா தையத்தக்கா என்று குதித்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீதானடி சொன்ன?"

"சத்தியமா இல்லக்கா."

"அப்ப லேப்டாப்பா போயி சொல்லுச்சு?"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தலைகூடப் பின்னிவிடவில்லை. அம்மா போட்ட கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போனேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. யோசித்து யோசித்து என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் உளறுகிறேனா என்று அம்மாவிடம் கேட்டேன். "முழிச்சிருக்கறப்பவே அதானே பண்ற" என்றாள்.

எங்கள் வீட்டில் எதற்கும் கல்லங்குறிச்சிப் பெருமாளிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். தாளில் எழுதி வைத்தால் யாராவது படித்துவிடுவார்கள். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து லேப்டாப்பைத் திறந்தேன். பெருமாளே, நான் சொல்லவில்லை, அக்கா என்னோடு பேசினால் என் கொலுசை உண்டியலில் போடுகிறேன் என்று ஒற்றை விரலால் தட்டினேன். பெருமாள் படித்து முடிக்கும் அளவுக்குக் காத்திருந்து, ஓர் எழுத்து விடாமல் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். "என்னடி வாயாடி, பெருமாளுக்குக் கொலுசு போடுறியாமே?" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பெருமாள் படித்துவிட்டார்!

காபி கொண்டுவந்த அக்கா டம்ளரை அவரிடம் நீட்டாமல் என் பக்கம் திரும்பினாள்.

"யாருகிட்டடி சொன்ன?"

"பெருமாள்கிட்ட மட்டுந்தான். லேப்டாப்புல தட்டிட்டு அழிச்சுட்டேன்."

அக்காவின் முகம் மாறியது. "அப்பா, இந்த லேப்டாப்புல நாம தட்டுறதெல்லாம் இவரு வூட்டுக்குப் போவுதுப்பா. காவலுக்குன்னு இவரு போட்டது அதைத்தான்" என்றாள்.

மாமா சிரிக்கப் பார்த்தார். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்வது தப்பா என்று கேட்டார். அப்பா எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்தார். பிறகு, "கெளம்புப்பா. எம்மவ படிக்கட்டும்" என்றார்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மன்னித்துக்கொள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேண்டியபடியே பெருமாள் அக்காவைப் பேச வைத்துவிட்டார். பெருமாளே கூப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு நெருக்கமான மனுஷனைப் போய் ஒரு வாய் காபி கொடுக்காமல் விரட்டுகிறார்களே என்று அப்பாவின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். வாசலுக்கு ஓடி, பைக்கை உதைத்துக்கொண்டிருந்த மாமாவிடம், பெருமாள் வேறென்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இப்போது மாமாவும் என்னோடு பேச மாட்டாரோ என்று பயம் வந்துவிட்டது. அதற்கும் பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் தட்டிவிடலாமென்று லேப்டாப்பைத் தேடி உள்ளே ஓடினேன்.