முதலில் லிம்பானிக்குத் தண்ணீர்

சோம்பா நகரச் சந்தைக்குப் பின்புறம் குடியிருக்கும் தியாமிகே, கோதுமை மாவு உருண்டைகளைப் பொரித்து விற்பவள். மகன் லிம்பானிக்கு நான்கு வயது முடிந்தும் ஒரு சொல்கூட வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொன்னார்கள். அங்கிருந்த நர்ஸ் ஒரு வழி சொன்னாள். தினமும் அதே வேலை, அதே வரிசை, அதே சொல். சொல்லிவிட்டு அவனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

தியாமிகே அப்படியே செய்தாள். எழுந்ததும் குளியல், பிறகு சட்டை, பிறகு கஞ்சி. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் கை கழுவ ஒரு ஜக்கும், கீழே பிடிக்க ஒரு பேசினும் எடுத்துவந்து, "லிம்பானிக்குத் தண்ணி" என்பாள். அவன் கை நீட்டும்வரை ஜக்கைப் பிடித்தபடி இருப்பாள். அவனுக்கு ஊற்றிய பிறகுதான் மற்றவர்களுக்கு.

"ஏண்டி, சுவத்துகிட்ட பேசுறியா?" என்று பக்கத்து வீட்டு எசினாத் சிரிப்பாள்.

"சுவரு கை நீட்டுமாக்கா? இவன் நீட்டுறான்ல."

அறுவடை முடிந்ததும் கணவனின் அக்கா நகோமா, பையனைக் கூட்டிப்போகச் சொந்த ஊரான பலாகாவிலிருந்து வந்துவிட்டாள். பேசாத பிள்ளைக்குப் பட்டணம் எதற்கு, ஊரில் ஆடு மேய்க்கட்டும் என்பது அவள் முடிவு. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் தம்பியும், லிம்பானியின் அப்பா, போனில் சரி என்றிருந்தான்.

"அண்ணி, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே."

"பாத்ததெல்லாம் போதும். அவன் துணிய எடுத்து வை. மத்தியானம் பஸ்ஸு."

பாயில் மக்காச்சோளக் களியும் பொரித்த ஏரிமீனும் வந்தன. விருந்தாளி இருக்கும்போது வேறொருவர் கைக்கு முதலில் தண்ணீர் ஊற்றுவது அங்கே பெரிய அவமரியாதை. தியாமிகே அண்ணியின் முன் மண்டியிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் ஜக்கைச் சாய்த்தாள்.

லிம்பானி ஏற்கெனவே கை நீட்டியிருந்தான். தண்ணீரோ அத்தையின் விரல்களில் விழுந்தது. அவன் பேசினைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். பாய் நனைந்தது.

"தண்ணி!" என்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்து, மார்பில் தட்டி, "இம்பானி தண்ணி!"

ஜக்கு அந்தரத்தில் நின்றது. நகோமா ஈரக் கையோடு அவனையே பார்த்தாள்.

"அட குட்டிப்பயலே, பெரியவளையே தள்ளிட்டியா?" என்றாள். பிறகு தியாமிகேயிடம், "பாத்துக்கிட்டே இருக்கியே, ஊத்துடி அவனுக்கு. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மத்தியான பஸ்ஸில் அவள் தனியாகவே ஏறினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு லிம்பானி கையை மட்டும் நீட்டினான், சொல் வரவில்லை. "லிம்பானிக்குத் தண்ணி" என்று சொல்லி, சற்றுக் காத்திருந்து, தியாமிகே ஊற்றினாள்.