ஐம்பத்தேழாயிரத்தில் நின்ற மீட்டர்

நான் பொய் சொல்லி ஒரு காரை விற்றேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் மருத்துவப் படிப்பு போயிற்று. அந்த இடம் என் மகளுக்குக் கிடைத்தது.

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை என்ற துணிச்சலில்தான்.

அது ஒரு பழைய டீசல் கார். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினத்துக்கு, நான் வேலை பார்த்த பள்ளிக்கு, தினமும் அதில்தான் போய்வந்தேன். ஒருநாள் மீட்டர் கேபிள் அறுந்தது. முள் படுத்துவிட்டது. கிலோமீட்டர் கணக்கும் ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிட்டது.

சில நூறு ரூபாய் வேலை. நான் செய்யவில்லை. முதலில் சோம்பல். பிறகு... சோம்பல் இல்லை. குறைவாக ஓடிய வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டினேன். குறைந்தது இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். மீட்டருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

விற்பதற்கு முந்தின வாரம் மெக்கானிக் யூசுப் பாயிடம் போய்க் கேபிளை மாட்டச் சொன்னேன். அவர் மாட்டிவிட்டு மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டைமிங் பெல்ட்டு அறுபதாயிரத்துலயே மாத்தியிருக்கணும் சார். வண்டி அதத் தாண்டி எங்கேயோ போயிடுச்சு."

"அவசரமா பாய்?"

"அது இஞ்சினுக்குள்ள ஓடுற ரப்பர் வாரு. சங்கிலி மாதிரி சத்தம் போட்டு நோட்டீஸ் குடுக்காது. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், டப்புன்னு அந்துடும். அந்துச்சுன்னா வால்வு அத்தனையும் வளைஞ்சிடும். இப்பன்னா பெல்ட்டு, அத இழுத்துப் பிடிக்கிற உருளை, கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரம். அதுக்கப்புறம்னா முப்பதாயிரத்துக்கும் கேரண்டி இல்ல. ஓடாம கெடந்தாலும் நாலஞ்சு வருஷத்துல மாத்திப்புடணும், நம்ம ஊரு உப்புக் காத்துக்கு."

"விக்கப்போறேன் பாய்."

"வாங்குறவர்கிட்ட சொல்லிடுங்க சார். அல்லா பார்த்துக்கிட்டு இருக்கான்."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவரிடமும் பொய்!

வாங்கியவர் காரைக்கால்மேட்டுக் கலியமூர்த்தி. மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். அவர் மகள் தமிழரசியும் என் மகள் நித்யாவும் பிளஸ் டூவில் ஒரே வகுப்பு. அவர்கள் வீட்டில் அதுதான் முதல் கார். சாவியை வாங்கும்போது அவர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஐம்பத்தேழுதான் ஓடியிருக்கு! வாத்தியார் வண்டின்னா சும்மாவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவக் கவுன்சிலிங். நம் ஊரில் எதற்கும் புதுச்சேரிக்குத்தானே ஓட வேண்டும்! காரைக்காலுக்கு ஒதுக்கிய இடங்கள் மிகக் கொஞ்சம். எங்கள் வட்டாரப் பட்டியலில் தமிழரசியின் பெயருக்கு நேர் கீழே நித்யாவின் பெயர். அந்தத் தாளை எத்தனை முறை பார்த்திருப்பேன்... மடிப்பே கிழிந்துவிட்டது.

நாங்கள் முந்தின நாளே பேருந்தில் போய்த் தங்குவதாக ஏற்பாடு. கிளம்பும்போது கலியமூர்த்தி போன் செய்தார்.

"சார், நாளைக்கு விடிய ஏலத்த முடிச்சுட்டு நம்ம கார்லயே கெளம்பிடலாம்னு இருக்கேன். பாப்பா கார்ல போய் எறங்கணும்னு ஆசப்படுது. ஒரே ஒரு சந்தேகம் சார். பெல்ட்டு ஒண்ணு அறுபதுல மாத்தணும்னு சொல்றாங்க. ஐம்பத்தெட்டு தாண்டிடுச்சு. இன்னிக்கே மாத்திரட்டுமா, போயிட்டு வந்து மாத்திக்கலாமா?"

அவர் கேட்டார்! அதுவும் என்னைக் கேட்டார்!

"பஸ்ஸில் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. என் பொய்யும் தப்பித்திருக்கும்.

"போயிட்டு வந்தே மாத்திக்குங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயமா? ஒருநாளில் அறுந்தா போகும் என்ற அலட்சியமா? அல்லது... சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளா? இத்தனை வருடமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பயம்தான் என்று சில நாள் பதில் வருகிறது. சில நாள் பதிலே வருவதில்லை.

மறுநாள் கவுன்சிலிங் கூடத்தில் செல்போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். அவர்கள் சொல்லும் முன்பே நான் அணைத்திருந்தேன்.

தமிழரசியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். நித்யா எழுந்து வாசலைப் பார்த்தாள். "அப்பா, அவ ஏம்ப்பா இன்னும் வரல?" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். அடுத்து நித்யாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எங்கள் பட்டியலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம்.

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் கார் நின்றிருக்கிறது. யூசுப் பாய் சொன்னபடியே, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல். அப்பாவும் மகளும் நடுரோட்டில் பேருந்துகளுக்குக் கை காட்டியிருக்கிறார்கள். நிரம்பி வந்தவை நிற்காமல் போயின. அவர்கள் வந்து சேர்ந்தபோது நாங்கள் கட்டணச் சீட்டு வரிசையில் நின்றோம். தமிழரசியின் முழங்கையில் கிரீஸ் கறை. அவள் நித்யாவின் கையைப் பிடித்து, "கெடச்சிருச்சாடி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.

கலியமூர்த்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்...!

"அறுபதே ஆகல சார், அதுக்குள்ள அந்துடுச்சு. கடற்கரையில நிறுத்தினேன்ல, உப்புக் காத்து தின்னுடுச்சு. என் தப்புதான். எனக்கு ஏழரை நடக்குது" என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு போய் எள் தீபம் ஏற்றினார். என் பாவத்துக்கு அவர் விளக்குப் போட்டார்! நான் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இஞ்சினைப் பிரித்தது யூசுப் பாய்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் எதிரே வந்தால் என் சலாமுக்கு அவர் பதில் சொல்வதில்லை. அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்.

வண்டியைச் சரிசெய்த செலவில் அடுத்த வருடம் மறுபடி நுழைவுத் தேர்வு எழுத வைக்கக் கையில் காசில்லை என்று தமிழரசியை உள்ளூரிலேயே பி.எஸ்ஸி. சேர்த்தார்கள். நித்யா இந்த மாதம் மருத்துவராகி வெளியே வருகிறாள். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இரத்த அழுத்தம்.

அந்த மாத்திரையை வாங்கும் மருந்துக் கடையில் இப்போது தமிழரசிதான் நிற்கிறாள். வேறு கடைக்குப் போகலாம். போவதில்லை. அது தண்டனையா, நடிப்பா... தெரியவில்லை.

நேற்றும் போனேன். அவள் சீட்டைப் பார்த்து, அட்டையைக் கத்தரித்து, உறையில் போட்டு நீட்டினாள்.

"போன மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆயிருக்கணுமே சார்? நல்லாத்தானே இருக்கோம்னு தள்ளிப்போடாதீங்க. இதெல்லாம் சொல்லிட்டு வராது."

"சரிம்மா" என்றேன்.