எழிலரசியோட அப்பா யாரு?

அப்பாதுரைக்குப் பயம் எப்போது பிடித்தது என்று கேட்டால் அவனைப் பெற்றவளுக்கே சொல்லத் தெரியாது. நாய் குரைத்தால் பயம். தபால்காரர் வாசலில் மணியடித்தால் பயம். இடி இடித்துவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வான். இத்தனைக்கும் அவன் பார்த்தது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற கொப்பரைக்கு முன்னால் நின்று பட்டு நூலுக்கு அரக்கும் பச்சையும் ஏற்றுகிற ஆள். முழங்கை வரைக்கும் சாயம் ஊறிப்போன கை. அந்தக் கையால் ஒரு பல்லியை விரட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்! பட்டறையில் அவனுக்கு 'மேஜர்' என்று பேர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு பயம் மட்டும் சிரிக்கிற பயம் இல்லை. அது அறுபத்து நாலாம் வருஷம் வந்தது.

அவனுக்கும் காந்தாவுக்கும் தலைப்பிள்ளையாகப் பெண் பிறந்திருந்தது. காமாட்சி என்று பேர். அந்த ஊரில் வேறென்ன வைப்பார்கள்? தெருவில் நின்று காமாட்சி என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வாசலிலிருந்து பதில் வரும். பதினோராவது மாதம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக அப்பாதுரைக்குப் பயம், ஊசி போடுவார்களே என்று. கைவைத்தியம் பார்த்தார்கள். நாலாம் நாள் குழந்தை போய்விட்டது.

அதே தெருக்கோடியில் காமாட்சியம்மாள் என்று ஒரு கிழவி இரண்டு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பியாகிவிட்டது. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலை கிழவி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். பக்கத்து வீட்டு மணியம்மாள் சும்மா இருப்பாளா?

"ஆள் மாறிப்போச்சுடா அப்பாதுரை! எமன் ஆள் அனுப்பினது கிழவிக்கு. வந்தவன் பேரை மட்டும் கேட்டுக்கினு வந்து உம் பொண்ணைத் தூக்கிக்கினு போயிட்டான்."

இப்படியும் ஒரு வாய் உண்டா! பெற்ற வயிறு பற்றி எரிகிற நேரத்தில் பேசுகிற பேச்சா அது? காந்தா துடைப்பத்தைக் கையில் எடுத்ததும் மணியம்மாள் ஓடிவிட்டாள். சொன்ன சொல் ஓடவில்லை. அது அப்பாதுரையின் நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாத குற்றத்தை நினைப்பதைவிட எமனின் ஆளுக்கு அடையாளம் தப்பியது என்று நினைப்பது அவனுக்குச் சுலபமாக இருந்ததோ என்னவோ.

மூன்று வருஷம் கழித்துக் காந்தா மறுபடி உண்டானாள். அப்போதிலிருந்தே அவனுக்கு ஒரே வேலை. ஊரில் ஒருத்தருக்கும் இல்லாத பேர் வேண்டும். இவன் ஒரு பேரை யோசித்து வைப்பான், மறுநாள் சந்தையில் யாரோ யாரையோ அதே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவன் அதைத் தள்ளிவிட்டு வேறு பேர் தேடுவான்.

பிரசவ விடுதியில் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்த நர்ஸம்மா ஒருத்தி இருந்தாள். தங்கமான மனுஷி. பெண் பிறந்திருக்கிறது என்று சொல்ல வெளியே வந்தவளிடம் இவன் சந்தோஷப்படாமல் பேரைப் பற்றிப் புலம்பினான்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, எங்க அக்கா மவளுக்கு எழிலரசின்னு பேரு வச்சிருக்காவ. இந்த ஊருல ஒருத்தருக்கும் கிடையாது. நீங்களே வச்சிக்கிடுங்க."

எழிலரசி! அப்பாதுரை அதை வாய்க்குள் நாலு தரம் உருட்டிப் பார்த்தான். தெருவில் ஒருத்தருக்கும் அந்தப் பேர் ஒழுங்காக வரவில்லை. 'எயிலரசி' என்றார்கள், 'ஏலரிசி' என்றார்கள். பேரா இது, வாயில் நுழையுதா என்று காந்தாவின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாதுரைக்குப் பரம திருப்தி. நம் ஆட்களுக்கே சொல்ல வராத பேர் எமனின் ஆளுக்கு மட்டும் எங்கே வந்துவிடப் போகிறது!

மூன்று வருஷம் அந்தப் பேரை நம்பி அவன் தூங்கினான்.

எழுபதாம் வருஷம் வீடு வீடாக அம்மை குத்துகிறவர் வந்தார். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "எழிலரசியா? எந்த எழிலரசிபா? இந்த வார்டுல மட்டும் அஞ்சு இருக்குது."

அப்பாதுரை பிரசவ விடுதிக்கு ஓடினான். நர்ஸம்மா மாற்றலாகிப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அங்கே தரை கூட்டிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "பேர் கேட்டவங்களுக்கெல்லாம் அந்தம்மா அந்த ஒரு பேரைத்தான் குடுத்தாங்க. ஒத்தருக்கும் கிடையாதுன்னு சொல்லித்தான் குடுப்பாங்க. உனக்கும் அப்படித்தானா?"

அவன் வீட்டுக்கு வந்து, பேரை மாற்றிவிடலாம் என்றான்.

"இன்னாய்யா, பைத்தியமா உனக்கு? மூணு வருஷமா கூப்பிட்ட பேரு. அது திரும்பிப் பார்க்கிற பேரு. ஊருல அஞ்சு இருந்தா உனக்கின்னா?" என்றாள் காந்தா.

அவனுக்கென்னவா? ஒரே பேரில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் வருகிறவன் யாரைத் தூக்குவான் என்று அவளுக்குப் புரியவில்லையே! அன்றிலிருந்து குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது குரல் தானாக இறங்கிப்போயிற்று, யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று.

அந்த மாதமே குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தது. தொண்டை வீங்கிற்று. இந்தத் தடவை காந்தா அவனைக் கேட்கவேயில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்துவிட்டாள். தொண்டை அடைப்பான் என்றார்கள். ஒட்டுவாரொட்டி, பெற்றவர்களைக்கூட வார்டுக்குள் விடமாட்டோம் என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

வெளியே ஒரு பெஞ்சு. பகலெல்லாம் அப்பாதுரை அதில் கிடந்தான். காந்தா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்தாள். இரண்டாம் நாள் பெஞ்சின் மறுகோடியில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். முசரவாக்கத்துக்காரன், தறி நெய்கிறவன், பேர் பரசுராமன். இவனைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான். மனைவி அம்சா கைக்குழந்தையோடு ஊரில் இருக்கிறாளாம். கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலேயே பாதியை இவன் பக்கம் தள்ளினான்.

"உம் பொண்ணு பேரு இன்னாபா?" என்று கேட்டான்.

அப்பாதுரை மென்று விழுங்கிச் சொன்னான்.

பரசுராமன் கை சோற்றிலேயே நின்றது. "எம் பொண்ணும் எழிலரசிதாம்பா! இங்க பிரசவ விடுதியில ஒரு நர்ஸம்மா வச்ச பேரு. ஒத்தருக்கும் கிடையாதுன்னாங்க!" சொல்லிவிட்டு அந்த நிலைமையிலும் சிரித்தான். நல்ல மனுஷன்.

அப்பாதுரை வார்டுக் கதவைப் பார்த்தான். ஒரே வார்டு, ஒரே நோவு, ஒரே பேர். வருகிறவன் இந்தக் கதவுக்குத்தானே வருவான்! அவன் மனசுக்குள் என்ன ஓடியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வந்தால் அந்தப் பிள்ளையிடம் போகட்டும் என்று நினைத்தான். பாதிச் சோற்றை வாங்கித் தின்றுகொண்டே நினைத்தான். நினைத்ததற்கும் பயந்தான்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறவள் வடிவாம்பாள் என்கிற ஆயா. குணமான பிள்ளைகளைக் காலையில் நர்ஸ் சீட்டோடு கொண்டுவந்து கொடுப்பாள். அப்படியில்லாமல் பொழுது ஏறியபின் வடிவாம்பாள் வந்து, "இன்னாரோட அப்பா யாரு?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாலைந்து நாளில் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. எழுந்து உள்ளே போன அப்பன்கள் துணிமூட்டையோடு திரும்பினார்கள்.

ஒன்பதாம் நாள், உச்சி வெயில் நேரம், கதவு திறந்தது.

"எழிலரசியோட அப்பா யாருபா?"

பெஞ்சின் இரண்டு கோடியிலும் இரண்டு அப்பன்கள். அப்பாதுரை இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். எழுந்தால் அது என் பிள்ளையாகிவிடும். எழாவிட்டால்? அவன் தலையைக் குனிந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்தான். காது கேட்காதவன் மாதிரி பார்த்தான்.

"யாருபா எழிலரசியோட அப்பா? வாயைத் திறங்களேன்!"

"நான்தாம்மா," என்று பரசுராமன் எழுந்தான்.

அவன் செருப்புச் சத்தம் உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. போய்விட்டான், அவன் போய்விட்டான், நம்முடையது இல்லை என்று அப்பாதுரைக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சுக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கதவு திறந்தது. பரசுராமன் தோளில் ஒரு குழந்தை. மெலிந்து, கண் மட்டும் பெரிதாக, அப்பாதுரையின் குழந்தை.

"உம் பொண்ணுபா," என்றான் பரசுராமன். "குணமாயிடுச்சாம். நர்ஸு லீவாம், அதான் இப்ப கூப்பிட்டாங்களாம். பேர் ஒண்ணா இருக்கவே எங்கையில குடுத்துட்டாங்க. எங்கிட்ட வந்ததும் 'நீ எங்கப்பா இல்ல'ன்னு அழுதுச்சு. புடி."

அப்பாதுரை குழந்தையை வாங்கினான். பரசுராமன் பழையபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வடிவாம்பாள் மறுபடி வெளியே வந்தாளாம். இந்தத் தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தப் பேருக்கு ஒரே அப்பன்தான் மிச்சம்.

மறுநாள் காந்தா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அப்பாதுரை மூன்று நாள் பட்டறைக்குப் போகவில்லை. வந்தவனுக்கு வழிகாட்டியது நான்தான். நான் வாயை மூடிக்கொண்டேன், அவன் எழுந்து நின்றான், எமனின் ஆள் நின்றவனைப் பார்த்துவிட்டான். இதே நினைப்பு. குழந்தையை ஒரு நிமிஷம் கண்ணைவிட்டு விலக்கமாட்டான். பேர் சொல்லியும் கூப்பிடமாட்டான். பாப்பா, பாப்பா என்பான். குப்பம்மா என்று மாற்றிவிடப் போகிறேன் என்றான். காந்தா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னாள். "அந்த மனுஷன் மூஞ்சியில போயி முழிச்சிட்டு வா. வராம என்கிட்ட பேசாதே."

குழந்தையைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு முசரவாக்கத்துக்குப் போனான். வழியெல்லாம் திரும்பிவிடலாமா, திரும்பிவிடலாமா என்றிருந்தது. பரசுராமன் தறிக்குழியில் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தான். அம்சா கைக்குழந்தையோடு நிலைப்படியில் சாய்ந்திருந்தாள். வாசலில் கோழிக்குஞ்சுகள் மேய்வதைப் பார்த்ததும் குழந்தை அவன் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டது.

"அண்ணே," என்றான் அப்பாதுரை. "அன்னிக்கு ஆயா கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு அண்ணே."

"தெரியும்பா," என்றான் பரசுராமன். "உங் கையைப் பார்த்தேன். சாயக் கை ரெண்டும் பெஞ்சைப் புடிச்சிக்கினு நடுங்கிக்கினு இருந்தது. எனக்கும்தான் பயம். எவ்ளோ நேரம்தான் உக்காந்துக்கினே இருக்கறது, அதான் எழுந்துட்டேன்."

"நான்தான் அண்ணே உங்க பக்கம் அனுப்பிட்டேன். எமனை."

பரசுராமன் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தான். முதல்முறையாக அவன் குரலில் கோபம் தெரிந்தது. "அட, போப்பா! எட்டு நாள் நாட்டு மருந்து குடுத்துக்கினு வூட்டுல வச்சிருந்தவன் நானு. தூக்கிக்கினு வரும்போதே நீலம் பாரிச்சுப் போச்சுன்னாரு டாக்டர். அது எம் மேல கிடக்குது. அதுல உனக்குப் பங்கு தரமாட்டேன்."

அப்பாதுரை நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதான். காமாட்சிக்கும் சேர்த்து அழுதான். ஆறு வருஷம் கழித்து, அந்த நாலு நாளும் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

நிலைப்படியிலிருந்து அம்சா இப்போது கேட்டாள். "கொழந்தை பேரை மாத்திட்டியாப்பா?"

"மாத்திடறேம்மா. இந்த வாரமே மாத்திடறேன்."

"மாத்தாதே," என்றாள். "டவுன்ல நெறைய பேருக்கு இருக்குதாமே அந்தப் பேரு. இந்த ஊருல எம் பொண்ணு ஒருத்திக்குத்தான். அவ போனப்புறம் ஒத்தரும் அந்தப் பேரை வாயில எடுக்கறதில்ல. நான் அழுவேன்னு அப்படியே முழுங்கிடறாங்க. ஒரு மாசமாச்சு, காதுல விழுந்து." கைக்குழந்தையை மடியில் இறக்கிக்கொண்டாள். "ஒரு வாட்டி கூப்பிடு. கேக்கறேன்."

அப்பாதுரை வாசலைத் திரும்பிப் பார்த்தான். இந்த வீட்டிலா? அந்தப் பேரையா? பேரைக் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வெளியே யாராவது நின்றுகொண்டிருந்தால்? பரசுராமனைப் பார்த்தான். அவன் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழிலரசி," என்றான், உதட்டுக்குள்.

"எனக்கே கேக்கலியே. அதுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள் அம்சா.

அவன் எழுந்து நின்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"எழிலரசீ!"

கோழிக்குஞ்சுகள் சிதறி ஓடுகிற சத்தம் கேட்டது. "இன்னாப்பா?" என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

"இன்னொரு வாட்டி," என்றாள் அம்சா.